கடல் தண்ணீரில் போட்ட சாயம்

முதல் தடவை சாயம் காய்ச்சிய அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் இருந்தவர்கள் நான்கு பேர். அம்மா, மாமா, எதிர்வீட்டு ஐஸ்காரர், நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். அப்பா கடலில் இருந்தார். அக்கா மைதானத்தில் இருந்தாள். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. அக்கா அன்று வீட்டில் இருந்திருந்தால் சாயப் பொட்டலத்தின் பின்பக்கத்தைக் கடைசி வரிவரை படித்திருப்பாள். இருந்த நான்கு பேரில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எனக்கு அப்போது நான்காம் வகுப்பு.

அந்த வகுப்பில் என்னோடு இருந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போன மாதம் திருவொற்றியூர் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் நாம் கூடியபோது உங்களில் ஒருவன், "உங்க மாமா ஸ்வெட்டர் பின்னாருன்னு ஒரு கத ஓடிச்சே, அது மெய்யா, இல்ல நம்ம பசங்க வுட்டதா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கை கால் கழுவும்போதுதான், சிரித்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. நமக்கெல்லாம் முப்பதாகிவிட்டது. பாதிப் பேருடைய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். இனியாவது அந்தக் கதையை ஒழுங்காகச் சொல்லிவிடலாம்.

சுனாமிக்குப் பிறகு நம் குப்பத்துக்கு லாரி லாரியாகத் துணி வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். புடவையும் லுங்கியும் முதல் நாளே போய்விட்டன. மிஞ்சியவை கம்பளி ஸ்வெட்டர்கள். எந்த ஊரிலிருந்து யார் அனுப்பினார்களோ, மார்கழியிலும் முதுகு வியர்க்கிற நமக்கு. இரண்டு ஆள் நுழைகிற அளவுக்குப் பெரியவை, கைக்குழந்தைக்கானவை, நெஞ்சில் மான் போட்டவை, பூச்சி அரித்தவை. யாரும் அவற்றைப் போட்டுக்கொள்ளவில்லை. தூக்கி எறியவும் மனம் வரவில்லை. ஒரு வீட்டில் தலையணைக்குள் போயிற்று. ஒரு வீட்டில் நாய் குட்டி போட அதைத்தான் விரித்தார்கள். எங்கள் வீட்டில் ஐந்து ஸ்வெட்டர்கள் ஒரு கோணிப்பையில் பரண்மேல் கிடந்தன. பையைத் திறந்தால் பூச்சி உருண்டை வாசனை அடிக்கும். எனக்கு அது பிடிக்கும். முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு அலமாரிக்குள் தலையை விட்டது போல இருக்கும்.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் அக்கா கால்பந்துக் குழுவில் தேர்வானாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்து விளையாட்டு சார்தான் அவளை வியாசர்பாடி மைதானத்துக்கு அனுப்பிப் பழக வைத்தவர். டிசம்பரில் இமயமலை அடிவாரத்தில் ஓர் ஊரில் ஆட்டம். சார் ஒரு பட்டியல் கொடுத்தார். கனமான போர்வை, இரண்டு ஜோடி காலுறை, கருநீல நிறத்தில் முழுக்கை ஸ்வெட்டர். "இதுல ஒண்ணு குறைஞ்சாலும் ரயில்ல ஏத்த மாட்டேன். போன வருஷம் ஒரு பொண்ணுக்குக் குளிர்ல ஜன்னி வந்து நான் பட்ட பாடு போதும்" என்றாராம். யாராவது வராமல் போனால் ஏற்றிக்கொள்ள இன்னொரு பெண்ணையும் பையோடு வரச் சொல்லியிருந்தார். அக்கா அந்தக் காகிதத்தை நான்காக மடித்து ஜாமெட்ரி பெட்டிக்குள் வைத்திருந்தாள். அம்மாவிடம் கொடுக்க இரண்டு நாள் ஆயிற்று.

அம்மாவுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. "ஸ்வெட்டர்தான வோணும்? பரண்மேல அஞ்சு கீது. சொம்மா கெடக்கறத வச்சிகினு எவனாச்சும் துட்டு குட்த்து வாங்குவானா?"

"அதுல மான் கீது, யம்மா" என்றாள் அக்கா.

"மான் இர்ந்தா இன்னா, குளுராதா?"

அக்கா போய் வாசலில் உட்கார்ந்தாள். அங்கே மாமா வலை கட்டிக்கொண்டிருந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். சுனாமி அன்று அவருடைய படகுக் கூட்டாளியை அலை கொண்டுபோயிற்று. அதன் பிறகு மாமா கடலில் கால் வைக்கவில்லை. கரையில் உட்கார்ந்து அடுத்தவர் வலைகளைக் கட்டிக்கொடுத்து நாள்கூலி வாங்கினார். குப்பத்தில் அவருக்குப் பயந்தாங்கொள்ளி என்று பேர் வைத்தார்கள். முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள், தள்ளிப்போய்ச் சொல்வார்கள். நம் வகுப்பிலும் சொன்னீர்கள். நான் உங்களோடு சண்டை போட்டிருக்க வேண்டும், போடவில்லை. எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் இருந்தது.

அக்கா சொன்னதைக் கேட்டுவிட்டு மாமா எழுந்துபோய்ப் பரணிலிருந்து கோணிப்பையை இறக்கினார். மான் போட்ட ஸ்வெட்டரை எடுத்துப் புரட்டினார். கழுத்தோரத்தில் ஓர் இழையைத் தேடிப் பிடித்து வெட்டி இழுத்தார். விர்ரென்று ஒரு வரிசை கழன்று வந்தது. மானின் கொம்பு போயிற்று.

"ஒத்த நூலுதான் கண்ணு" என்றார். "வலை மேரியே. கண்ணிக்குள்ள கண்ணி. பிரிக்க முடிஞ்சா பின்னவும் முடியும்."

எதிர்வீட்டு ஐஸ்காரர் அந்த வேளைக்குச் சரியாக வந்து நின்றார். ஐஸ் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவர். எங்கள் வீட்டு வாசலில் என்ன நடந்தாலும் அவருக்கு ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

"இன்னா மாமு, பொம்பள வேலைல எறங்கிட்டியா?"

"நாப்பது வருசமா உங்க நைனா வலை பின்னாரே, அவரு இன்னா பொம்பளையா?"

"அது மீனுக்கு."

"இது எங்கக்கா பொண்ணுக்கு. நான் தாய்மாமன். அவளுக்கு நான் செய்யற மொதல் சீரு இது. மஞ்சத் தண்ணிக்குப் பொடவைலாம் அப்பால பாத்துக்கலாம்."

அக்கா வெட்கத்தில் உள்ளே ஓடிவிட்டாள். அவள் கால்பந்து ஆடும்போது ஓடுவதைவிட அது வேகமாக இருந்தது.

ஐந்து ஸ்வெட்டர்களையும் பிரிக்க இரண்டு நாள் ஆயிற்று. நான் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நிற்பேன், மாமா என் கைகளில் நூலைச் சுற்றுவார். பல வருஷம் ஒரே மடிப்பில் இருந்த நூல் நேராக வராது, நூடுல்ஸ் போல வளைந்து வளைந்து வரும். செங்கல் சிவப்பு, கிளிப்பச்சை, சாம்பல், கடுகு மஞ்சள். மாலையில் கொடியில் ஐந்து கத்தைகள் தொங்கின. எங்கள் குடிசைக்குள் அவ்வளவு நிறங்களை நான் பார்த்ததில்லை. இதையெல்லாம் போய்க் கருநீலமாக்க வேண்டுமா என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

அக்காவின் தையல் டீச்சர், பின்னல் எப்படிப் போகும் என்று ஒரு துண்டுத் துணி அளவுக்குப் பின்னிக் கொடுத்தனுப்பினார். மாமா அதை ஒரு மணி நேரம் பார்த்தார். பிரித்தார். திரும்பப் பின்னினார். அவ்வளவுதான் அவருடைய படிப்பு.

பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை. மாமா கடையிலிருந்து மூன்று பொட்டலம் துணிச்சாயம் வாங்கி வந்திருந்தார். பொட்டலத்தை என்னிடம் நீட்டி, "இன்னா போட்டுக்கீது, படி" என்றார். பெரிய எழுத்தில் இருந்ததை நான் சத்தமாகப் படித்தேன். தண்ணீரைக் கொதிக்க வைக்கவும். சாயத்தைக் கரைக்கவும். இரண்டு கைப்பிடி உப்புச் சேர்க்கவும். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னும் நான்கைந்து வரிகள் இருந்தன. எழுத்துக் கூட்டினால் நேரமாகும். மூன்று பெரியவர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தடுமாறினால் மானம் போய்விடும். "அவ்ளோதான்" என்று சொல்லிப் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

"உப்பா?" என்றார் மாமா. "அதுக்கின்னா, கடல் தண்ணியே உப்புதான. நல்ல தண்ணிய எதுக்கு வீணாக்கணும்?"

அம்மாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. தண்ணீர் லாரி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்த காலம் அது. வீட்டுக்கு எட்டுக் குடம்தான்.

மாமா இரண்டு பிளாஸ்டிக் குடங்களை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன். கரையில் கொட்டியிருந்த பாறாங்கற்களின் மேல் என்னை நிற்கச் சொல்லிவிட்டு அவர் மட்டும் இறங்கினார். ஓரத்தில் தண்ணீர் கலங்கலாக இருந்தது. இன்னும் கொஞ்சம் போனார். முட்டிவரை, பிறகு இடுப்புவரை. குடங்களை அமிழ்த்தி நிரப்பினார். நிரம்பிய பிறகும் திரும்பவில்லை. ஒரு கையில் ஒரு குடமாகப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றார். ஒவ்வோர் அலைக்கும் அவருடைய தோள்கள் ஏறி இறங்கின. "மண்ணு அடங்கட்டும்னு நிக்கிறாரு" என்று நினைத்தேன். எனக்குக் கால் வலித்தது. "மாமா, போலாமா" என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். வந்தபோது அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. பாறைமேல் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எதையோ சொல்லிச் சிரித்தார்கள். அவர் காதில் வாங்கவில்லை.

பதினோரு மாதத்துக்குப் பிறகு அவர் கடலுக்குள் கால் வைத்தது அன்றுதான். அதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. அம்மாவும் கவனிக்கவில்லை. இதை எழுத உட்கார்ந்த பிறகு நாள்களைக் கூட்டிப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

மூன்று கல் அடுப்பு, கரையொதுங்கிய கட்டைகள், மீன் அவிக்கிற பெரிய அலுமினிய அண்டா. மாமாவின் அப்பா காலத்தில் வலைகள் பஞ்சு நூலில் இருந்தன. அவற்றை மரப்பட்டைச் சாயத்தில் கொதிக்கவைத்து, கல்லில் அடித்து, கடலில் முக்கி, முறுக்கிப் பிழிந்து காயவைப்பார்களாம். அப்படிச் செய்தால் வலை இரும்பாகும். சின்ன வயதில் பார்த்ததை மாமா ஒன்றுவிடாமல் செய்தார். உடைந்த துடுப்பால் கிண்டினார். தளதளவென்று கொதிக்கக் கொதிக்க நூல் கத்தைகளைத் தூக்கித் துவைகல்லில் அடித்தார். மிச்சமிருந்த குடத்துக் கடல் தண்ணீரில் முக்கினார். நானும் ஐஸ்காரரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிந்தோம். சாயத் தண்ணீர் மண்ணில் ஓடியது. என் கை முழங்கைவரை நீலம். மறுநாள் வகுப்பில் எல்லோரும் என் கையைப் பார்த்தீர்களே, அது இதுதான்.

காலையில் கொடியில் தொங்கியது நூலே இல்லை. நூற்றுக்கணக்கான இழைகளும் ஒன்றோடொன்று சேர்ந்து ஐந்து கத்தைகளும் ஐந்து பாய்த்துண்டுகள் போல ஆகிவிட்டிருந்தன. தொட்டால் நாய்க்குட்டியின் முதுகு மாதிரி இருந்தது. நிறமும் கருநீலம் இல்லை. பாசி பிடித்த தொட்டித் தண்ணீரைப் போல ஒரு சாம்பல் பச்சை, நடுவில் திட்டுத் திட்டாக நீலம். மாமா நுனியைத் தேடினார். கிடைக்கவில்லை. கத்தியால் ஓரத்தைக் கீறிப் பார்த்தார். பஞ்சாகத்தான் வந்தது.

அக்கா மண்ணில் கிடந்த பொட்டலத்தை எடுத்தாள். ஈரத்தில் ஒட்டியிருந்ததைப் பிரித்து நின்றபடியே படித்தாள்.

"கம்பளி நூலுக்கு உப்புக்குப் பதில் வினிகர். கசக்கவோ அடிக்கவோ கூடாது. அடுப்பிலேயே ஆறவிடவும். நல்ல தண்ணீரை மட்டும் பயன்படுத்தவும்." படித்துவிட்டு, "இத்த யாரு படிச்சது?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறக்குமுன் மாமா, "நான்தான் அவன முழுசா படிக்க வுடல. அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

அம்மா அன்று மாமாவைப் பேசிய பேச்சைக் குப்பமே கேட்டது. பாதி வார்த்தைகள் நூலைப் பற்றியவை இல்லை. "கடலுக்குத்தான் போவ மாட்ட, ஒரு நூலக்கூட உருப்படியா தோய்க்க மாட்ட. ஒரு பொம்பளப் புள்ளையோட ஆசையில மண்ணப் போட்டுட்டியே" என்றாள். மாமா தலையைக் குனிந்துகொண்டு பொறுமையாக அடுப்புக் கற்களை எடுத்து அடுக்கினார். அக்கா அழவில்லை. அன்று மாலை மைதானத்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான். ஷூவின் கயிற்றைக் கழற்றிச் சுருட்டி உள்ளே திணித்து வைத்தாள். இன்னும் பதினாறு நாள் இருந்தது.

மறுநாள் காலையில் மாமா வலைவேலைக்குப் போகவில்லை. என்னைக் கூப்பிட்டு, "வாடா, கெளம்பு" என்றார். இரண்டு பேரும் கையில் கோணிப்பையோடு வீடு வீடாகப் போனோம். பயந்தாங்கொள்ளி என்று பேர் வைத்த வாசல்களிலெல்லாம் அந்த மனுஷன் நின்றார். "சுனாமி ஸ்வெட்டர் இர்ந்தா குடு, அண்ணி. பொண்ணு வெளியூர் போவுது" என்று ஒவ்வொரு வீட்டிலும் அதே வார்த்தையைச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்கு இருந்ததா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

ஸ்வெட்டர்கள் வந்தன. தலையணையைக் கிழித்து ஒருத்தி எடுத்துக் கொடுத்தாள். படகு எஞ்சினுக்குப் போர்த்தியிருந்ததை ஒருவர் கழற்றிக் கொடுத்தார், அதில் பாதி கிரீஸ். நாயிடமிருந்து ஒன்றை வாங்க முடியவில்லை. மொத்தம் பதினான்கு சேர்ந்தன.

இந்தத் தடவை மாமா உடனே பிரிக்க உட்காரவில்லை. ஐஸ்காரரிடம் பீடி ஒன்றை வாங்கிப் பற்றவைத்தார். ஒவ்வொரு ஸ்வெட்டரிலிருந்தும் ஒரு துண்டு நூலை வெட்டி பீடி நெருப்பில் வைத்தார். நைலான் கயிற்றின் நுனியை நெருப்பில் உருக்கி முடிச்சாக்குவது நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். சில நூல்கள் அப்படியே உருகிக் கறுப்பு மணியாயின. சில நூல்கள் பொசுங்கி, தலைமுடி கருகுகிற நாற்றம் அடித்தது.

"உருகினது நைலான் ஜாதி, சாயம் புடிக்காது. நாறுனது ஆட்டு மயிரு. நாறுனத மட்டும் எடு" என்றார்.

"ஒலகத்துலயே நாறுனத பொறுக்கி எடுக்கறவன் நீதான் மாமு" என்றார் ஐஸ்காரர். ஆனாலும் உட்கார்ந்து பொறுக்கினார். பதினான்கில் ஆறு நாறின.

வினிகர் என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அக்காவுக்குத்தான் தெரிந்தது. தேரடிப் பக்கம் நூடுல்ஸ் வண்டி போட்டிருந்தவரிடம் அவளே போய்க் கேட்டாள். அவர் அரை பாட்டில் கொடுத்தார். எதற்கு என்று கேட்டதற்கு அக்கா, "எங்க மாமாவுக்கு" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அவர் மாமாவுக்கு என்னவோ வியாதி என்று நினைத்துக் காசு வாங்கவில்லை.

தண்ணீர்தான் மிச்சம். அன்று லாரி வந்த நாள். அம்மா மூன்று நாளாக மாமாவோடு பேசவில்லை. எட்டுக் குடத்தையும் தூக்கிவந்து வாசலில் வரிசையாக வைத்தாள். அதில் இரண்டை உள்ளே எடுத்துப் போனாள். ஆறை அங்கேயே விட்டுவிட்டு, யாரிடம் என்றில்லாமல், "ஊத்து" என்றாள். அந்த இரண்டு குடத்தில்தான் அடுத்த இரண்டு நாளும் சோறாக்கினாள். அவள் கோபத்தையும் தண்ணீரையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவள். எனக்கு இன்றுவரை அது வரவில்லை.

இரண்டாம் தடவை மண்ணெண்ணெய் ஸ்டவ்வில், சின்னத் தீயில், ஒரு முழு மத்தியானம். யாரும் கிண்டவில்லை. அக்கா பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சொன்னாள், மாமா அந்த வரியை மட்டும் செய்தார். வினிகர் ஊற்றியதும் வாசல் முழுக்க ஊறுகாய் நாற்றம் எழுந்தது. அண்டாவின் தண்ணீர் மெல்ல மெல்லத் தெளிந்ததை நான் பார்த்தேன். நீலமெல்லாம் நூலுக்குள் போய், கடைசியில் தண்ணீர் வெறும் தண்ணீராக நின்றது. அப்படி ஒன்றை நான் அதற்குப் பிறகு கல்லூரி ஆய்வுக்கூடத்தில்தான் பார்த்தேன். அங்கே பார்த்தபோது நாக்கில் நூடுல்ஸ் ருசி வந்தது.

மழை விடவில்லை. நூல் காய வழியில்லை. ஐஸ்காரர் வந்து ஒன்றும் பேசாமல் கத்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். ஐஸ் கம்பெனியில் மெஷினுக்குப் பின்னால் அனல் காற்று அடிக்கும் ஒரு சந்து உண்டு. அங்கே கயிறு கட்டித் தொங்கவிட்டார். ஒரே இரவில் காய்ந்துவிட்டது. ஐஸ் செய்கிற இடத்தில் கம்பளி காய்ந்தது என்று சொன்னால் என் பையன்கூட நம்புவதில்லை.

பின்னல் ஊசிகளை மாமா மூங்கிலில் சீவி, கண்ணாடித் துண்டால் இழைத்து, மெழுகு தேய்த்துச் செய்திருந்தார். டீச்சர் சொல்லியனுப்பியது, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, கை இரண்டு, பிறகு தைக்க வேண்டும் என்று. மாமா அதைக் கேட்கவில்லை. இரண்டு ஊசிகளின் அடிப்பக்கத்தையும் ஒரு சாண் தூண்டில் நரம்பால் இணைத்தார். அக்காவின் கழுத்தைச் சுற்றி ஒரு கயிற்றால் அளந்தார். வீச்சு வலையை உச்சியிலிருந்து வட்டமாகத் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று கண்ணி கூட்டிக்கொண்டே இறங்குவார்கள் இல்லையா, அப்படித் தொடங்கினார். கழுத்து விரிந்து தோளாயிற்று. தோளில் இரண்டு பக்கமும் சில கண்ணிகளை ஒரு நூலில் கோத்து ஒதுக்கிவைத்தார். மீதி உடம்பாக இறங்கியது. பத்து நாள் அவர் வேறு எதையும் தொடவில்லை. காலையில் சூரிய வெளிச்சம் வாசலுக்கு வரும்போது உட்கார்ந்தால் வெளிச்சம் போகும்வரை அதே இடம்.

ஆட்கள் வேண்டுமென்றே எங்கள் வாசல் வழியாகப் போனார்கள். "மாமு, எனக்கொரு ஜட்டி பின்னிக் குடு" என்றான் ஒருவன். "உன் சைசுக்கு நூலு பத்தாது" என்றார் மாமா தலை தூக்காமல். கடலிலிருந்து திரும்பிய அப்பா கொஞ்ச நேரம் அவரெதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். பின்னலை விரலால் நீட்டினார். "இன்னா மச்சான், கண்ணி இவ்ளோ பொடியா கீது. இதுல மாட்டுனா நெத்திலிகூடத் தப்பாது" என்றார். அப்பா யாரையும் பாராட்டி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ரயில் மத்தியானம் சென்ட்ரலிலிருந்து. நாங்கள் திருவொற்றியூரில் மின்சார ரயில் ஏறியபோது ஸ்வெட்டரின் இடது கையில் மூன்று விரல்கடை பாக்கி இருந்தது. மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து பின்னினார். கூட்டம் நெரித்தது. கூடைக்கார அம்மாள் ஒருத்தி தன் கூடையை அவர் காலடியில் நகர்த்தி, "நீ பின்னு நைனா, இட்ச்சுட மாட்டேன்" என்றாள். பாதி வழியில் ரயில் சிக்னலுக்கு நின்றது. அக்கா ஜன்னலைப் பார்ப்பாள், ஊசியைப் பார்ப்பாள். அவள் உள்ளங்கை என் கைக்குள் நனைந்திருந்தது. பேஸின் பிரிட்ஜில் மாமா கடைசிக் கண்ணியை மூடி, முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினார்.

பிளாட்பாரத்தில் விளையாட்டு சார் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாற்று ஆட்டக்காரப் பெண் தன் பையின் மேல் உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு முன்னால் ஒரு பெண்ணின் போர்வை மெல்லியதாக இருக்கிறது என்று சொல்லி அவளுடைய அப்பாவைக் கடைக்கு ஓடவிட்டார். எங்கள் முறை வந்தது. அக்கா ஸ்வெட்டரை நீட்டினாள். கூரைக்குக் கீழே அது கருநீலமாகத்தான் இருந்தது. சார் அதை எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்தின் ஓரத்துக்கு, வெயில் விழுகிற இடத்துக்குப் போனார்.

வெயிலில் உண்மை தெரிந்தது. பச்சை ஸ்வெட்டரிலிருந்து வந்த நூல் கரும்பச்சை கலந்த நீலமாகவும், சிவப்பிலிருந்து வந்தது கத்தரிக்காய் நிறமாகவும், சாம்பலிலிருந்து வந்தது மட்டும் சரியான கருநீலமாகவும் இருந்தன. தோள் ஒரு நிறம், வயிறு ஒரு நிறம், கைகள் ஒரு நிறம். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"கருநீலம்னு எழுதியிருந்தேன்" என்றார் சார்.

"கருநீலம்தான் சார்" என்றாள் அக்கா. "மூணு கருநீலம்."

சார் சிரிக்கவில்லை. ஸ்வெட்டரை உள்பக்கமாகத் திருப்பினார். தோளைத் தடவினார், விலாவைத் தடவினார். கைக்குள் தன் கையை விட்டு அக்குள்வரை போய்ப் பார்த்தார். "தையல் எங்கே?" என்று கேட்டார்.

"தையல் கெடையாது சார்" என்றார் மாமா. அவர் அந்தப் பிளாட்பாரத்தில் வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான். "தைச்சா அந்த எடத்துல வுடும். வலை மேரி ஒரே சுத்து."

"யார் பின்னினது?"

"எங்க மாமா" என்றாள் அக்கா. அவள் அதைச் சொன்ன விதத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. கோல் போட்ட பிறகு ஆட்கள் சொல்கிற தொனி.

சார் ஸ்வெட்டரின் இரண்டு ஓரத்தையும் பிடித்துத் தன் பலம்கொண்ட மட்டும் இழுத்தார். அது விரிந்து, விட்டதும் பழைய இடத்துக்கு வந்தது. பட்டியலில் ஒரு கோடு போட்டார். "ஏறு" என்றார்.

மாற்று ஆட்டக்காரப் பெண்ணும் அன்று வீடு திரும்பவில்லை. போர்வை வாங்க ஓடியவர் நேரத்துக்கு வரவில்லை, அவர் பெண்ணின் இடத்தில் இவள் ஏறினாள். அக்கா ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து அந்தச் சென்னை வெயிலிலேயே ஸ்வெட்டரைப் போட்டுக் காட்டினாள். மூக்கு நுனியில் வியர்வை. ரயில் போகும்வரை கழற்றவில்லை.

நாங்கள் மூன்று பேரும் ஸ்டேஷனுக்கு வெளியே வந்தோம். நடைபாதையில், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, வடக்கத்தி ஆட்கள் வரிசையாகக் கம்பளி விரித்து வைத்திருந்தார்கள். போர்வைகள், தொப்பிகள், ஸ்வெட்டர்கள். கம்பியில் ஒரு கருநீல ஸ்வெட்டர் தொங்கியது. முழுக்கை. அக்கா அளவு. அம்மா நின்றுவிட்டாள்.

"இது எவ்ளோ?"

"எரநூத்தம்பது. உங்களுக்கு எரநூறு."

அம்மா அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தாள். டீக்கடை வரை நடந்தோம். அங்கே நின்று விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள்.

"சாயம் ஏழு பொட்டலம். ஒண்ணு எட்டு ரூபா. அம்பத்தாறு. கெரசின் வெளில வாங்கனது ரெண்டு லிட்டரு, நாப்பது. தொண்ணூத்தாறு ஆச்சா. நீ பத்து நாளு வலைக்குப் போவல. ஒரு நாளிக்கு எழுவது." அவள் மாமாவைப் பார்த்தாள். "எழுநூத்தித் தொண்ணூத்தாறுடா தம்பி. மூணு வாங்கியிருக்கலாம்."

அவள் அவரைத் தம்பி என்று கூப்பிட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. மாமா சட்டைப்பையில் கையை விட்டபடி, "டீய வுட்டுட்டியே, யக்கா" என்றார்.

எனக்கும் சேர்த்து மூன்று டீ சொன்னார். ஒன்று மூன்று ரூபாய். ஆக, எண்ணூற்று ஐந்து.